திரையில் ஒரு சுகந்தி, தரையில் ஒரு சுகந்தி

போன வாரம் நம் உடற்கல்வி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி கேள்வி போட்டிருந்தார். "மழை விட மாட்டேங்குது. கோர்ட் முழுக்கத் தண்ணி. பிள்ளைங்களை ஸ்மார்ட் கிளாஸ்ல உக்கார வச்சு பாஸ்கெட்பால் வீடியோ கேம் போட்டுக் காட்டலாமா? நிஜ ஆட்டம் மாதிரியே இருக்குங்கறாங்களே, உண்மையா?" கேள்விக்குக் கீழே ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பெரியவர், "பேசாம பிள்ளைங்களைத் தூங்க விடுங்க சார்" என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்ட பிள்ளை நல்ல கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது. பதில் தெரியாதவர்கள்தான் சிரிப்பார்கள்.

சிரித்தவர்களில் ஒரு காலத்தில் நானும் உண்டு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரம்மாவுக்கு வேறு என்ன வேலை?

நான் வேலை பார்த்தது நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில். சிமெண்ட் கோர்ட் ஒன்று உண்டு. சுற்றிலும் வயல். அந்தப் பக்கத்து ரிங் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் பந்தைத் தட்டினால் எழும்பாது, செத்துப்போகும். அங்கே எதிரணிப் பெண்ணைத் தள்ளிக்கொண்டு போய்ப் பந்தைப் பிடுங்குவது எங்கள் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. இதையெல்லாம் எந்த விதிப்புத்தகத்திலும் தேடாதீர்கள்.

எனக்கு ஓய்வுக்குச் சில வருஷங்கள் இருக்கும்போது பகுதிநேரப் பயிற்சியாளராக இளங்கோ என்று ஒரு தம்பி வந்து சேர்ந்தார். குத்தாலத்துக்காரர். இன்ஜினியரிங் படித்துவிட்டு, கல்லூரி அணியில் ஆடிவிட்டு, வேலை கிடைக்கிறவரைக்கும் என்று வந்தவர். எதற்கெடுத்தாலும் "டேட்டா என்ன சொல்லுதுன்னா மேடம்" என்று ஆரம்பிப்பார். "டேட்டா கிடக்கட்டும் தம்பி, முதல்ல பந்துக்குக் காத்து அடிச்சீங்களா?" என்பேன். முறைக்க மாட்டார், சிரித்துக்கொண்டே பம்ப்பை எடுப்பார். நல்ல பிள்ளை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அணியை ஸ்மார்ட் கிளாஸுக்குக் கூட்டிப்போய்த் தன் லேப்டாப்பை மாட்டினார். திரையில் பெரிய உள்ளரங்கம், பளபளவென்று மரத்தரை, பல்லாயிரம் கூட்டம். ஆட்டக்காரர்கள் வரிசையாக ஓடி வந்தார்கள். அத்தனை பேரும் மலைமாடு மாதிரி ஆண்கள். ஒவ்வொருவன் பெயரும் கீழே வந்தது. தாடியும், கையெல்லாம் பச்சை குத்தலுமாக ஒருத்தன் வந்து நின்றபோது, அவனுக்குக் கீழே 'சுகந்தி' என்று இருந்தது.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"அய்யய்யோ சார், சுகந்திக்குத் தாடி!"

"எனக்கு மட்டும் ஷேவ் பண்ணி விடுங்க சார்," என்றாள் சுகந்தி. பிளஸ் டூ படித்தாள் அப்போது. எங்கள் அணியில் பந்து அதிகம் போடுகிறவள் அவள்தான்.

"இந்தப் பழைய கேம்ல ஆம்பளை உடம்புதான் இருக்கு," என்றார் இளங்கோ. "ஆனா உயரம், வேகம், குதிக்கிறது, குறி, எல்லாம் உங்களோடது. ஒரு மாசமா உங்களை அளந்து போட்டிருக்கேன். தஞ்சாவூர் டீமையும் போட்டிருக்கேன். ஃபைனல்ல அவங்கதான் வருவாங்க. எத்தனை தடவை வேணா ஆடிப் பாத்துக்கலாம்."

நான் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிண்டல் செய்யத்தான் வந்தேன். ஆனால் பார்க்கப் பார்க்க அது மறந்துபோனது. வியர்வை மினுங்குகிறது. ஷூ கிறீச்சிடுகிறது. தவறவிட்டவன் தலையில் கை வைத்துக்கொள்கிறான். ஒரு ஃப்ரீ த்ரோவுக்கு எல்லோரும் காத்து நிற்கும்போது, நம் தாடிக்காரச் சுகந்தி ஒரு காலைத் தூக்கி, உள்ளங்கையால் ஷூவின் அடியைத் துடைத்தான். பிறகு மறு காலையும் தூக்கித் துடைத்தான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "தம்பி, நிறுத்துங்க. அதைத் திரும்பப் போடுங்க."

சிமெண்ட் கோர்ட்டில் ஆடியவர்களுக்கு இது தெரியும். தூசி ஒட்டினால் வழுக்கும். அதனால் ஆட்டம் நிற்கிற நேரமெல்லாம் கை தானாக ஷூவின் அடிக்குப் போகும். ஆடின காலத்தில் நானும் செய்தேன், என் பிள்ளைகளும் செய்தார்கள். தினமும் கண்ணெதிரே நடந்த காரியம். ஆனால் திரையில் பார்த்த அன்றுதான் முதல்முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது.

"இவன் எதுக்குத் துடைக்கிறான்?" என்று கேட்டேன்.

"சும்மாதான் மேடம். நிக்கும்போது அப்பப்போ அப்படிச் செய்வாங்க. ரியலா இருக்கணும்னு வச்சிருக்காங்க."

"அந்தத் தரையில தூசி இருக்கா?"

"கேம்ல ஏது மேடம் தூசி?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. ஆட்டம் நின்றால் போதும், யார் எப்படிக் காலைத் துடைக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். பொம்மை காரணமில்லாமல் செய்ததைப் பார்த்துத்தான், பிள்ளைகள் எதற்காகச் செய்கிறார்கள் என்று எனக்குக் கவனம் வந்தது. அதற்காக அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு நான் கடன்பட்டவள்.

இன்னொரு நன்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் பந்து எங்கே போனாலும் ஐந்து பேரும் அங்கேயே ஈ மொய்த்த மாதிரி மொய்ப்பார்கள். "தள்ளி நில்லுங்கடி, தள்ளி நில்லுங்கடி" என்று கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். திரையில் மேலிருந்து பார்த்த ஒரே வாரத்தில் புரிந்துகொண்டார்கள். நாம் தள்ளி நின்றால்தான் நடுவில் வழி திறக்கும் என்று அவர்களே ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். வருஷக்கணக்கில் நான் கத்தியது வீண், ஒரு படம் செய்துவிட்டது. பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் ஒன்று மனசை உறுத்தியது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரனின் காலடியிலும் ஒரு கோடு இருக்கும். அவன் களைக்கக் களைக்க அது குறைந்துகொண்டே வரும். கோடு சிவந்தால் இளங்கோ பட்டனை அழுத்துவார், அவன் போய் உட்காருவான், வேறொருத்தன் வருவான். யாருக்காவது அடிபட்டால் திரையில் எழுத்து வரும், இவர் இத்தனை ஆட்டத்துக்கு இல்லை என்று. இளங்கோ அதற்கும் ஒரு பட்டனை அழுத்திவிட்டு மேலே போவார். எவ்வளவு நாணயமான உடம்புகள்! நம் பிள்ளைகளிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை மூச்சு வாங்கி முட்டியில் கை ஊன்றி நிற்கும். "முடியலையாடி?" என்றால் "இல்ல டீச்சர், நல்லா இருக்கேன்" என்று வரும். காலையில் சாப்பிடாதவள் சாப்பிட்டேன் என்பாள். வயிற்றுவலிக்காரி வெயில் ஒத்துக்கல என்பாள். பொய் சொல்லத் தெரிந்த உடம்பை அந்தப் பெட்டிக்குள் யாரும் வைக்கவில்லை.

இனி சுகந்தியின் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

அவள் அம்மா லெட்சுமி வயல் வேலைக்குப் போகிறவள். அறுவடை மெஷின் வந்த பிறகு வேலை பாதியாகிவிட்டது. மூத்த பெண் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தாள். சுகந்தியையும் பத்தாவது முடிந்ததுமே அங்கே அனுப்புவதாக இருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுத் தடுத்தேன். அப்போது லெட்சுமி ஒரு வார்த்தை சொன்னாள்: "பந்து ஆடி காலேஜு சீட்டும் ஆஸ்டலும் கெடைக்கும்னு சொல்றீங்க. கெடைச்சா போவட்டும். இல்லேன்னா அவ அக்காகிட்டதான். அதுக்கு மேல என்கிட்ட பேசக்கூடாது டீச்சரம்மா." நானும் சரி என்றேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வேண்டுமானால் மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். மாநில அணிக்கு எங்கள் மண்டலத்திலிருந்து யாரை எடுப்பது என்று மண்டல இறுதி ஆட்டத்தில்தான் தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். எடுக்கப்பட்டால் போதும், அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் சான்றிதழ் உண்டு. சுகந்திக்கு அது கடைசி வருஷம். அந்த ஒரு ஆட்டம் கல்லூரியா திருப்பூரா என்று முடிவு செய்யும். இது எனக்கும் தெரியும், இளங்கோவுக்கும் தெரியும், அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஆட்டம் எங்கள் கோர்ட்டிலேயே நடந்தது. குறுவை அறுவடை நேரம். நம் பக்கம் அந்த மாசத்தில் வெறும் சிமெண்ட் தரை என்று ஒன்று கிடையாது. ரோடு, பாலம், பள்ளிக்கூடம், எங்கே பார்த்தாலும் நெல் காயும். ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எங்கள் தலைமையாசிரியை முந்தின நாள்வரை கோர்ட்டில் காயப்போட விட்டிருந்தார். ஆட்டத்தன்று விடியற்காலையில் கோர்ட்டைக் கூட்டிக் காலிசெய்துவிட்டு, நெல்லைப் பக்கத்துப் பாதையில் பரப்பியிருந்தார்கள்.

பத்து மணி ஆட்டத்துக்கு எங்கள் பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்து கை கால் உதறிக்கொண்டிருந்தார்கள். வடக்கே திடீரென்று கறுத்துக்கொண்டு வந்தது. காற்று திரும்பியது. "மழைடோய்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பன்னிரண்டு பெண்களும் பந்துகளைப் போட்டுவிட்டுப் பாதைக்கு ஓடினார்கள். இளங்கோ பேண்ட்டை மடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நம் ஊரில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் அது யார் நெல் என்று பார்க்கிற வழக்கம் இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் ஓட வேண்டும். பகையாளி நெல்லானாலும் வாரிக் குவித்துவிட்டு, பிறகு பேசாமல் போகலாம். மேட்ச் இருக்கிறது, போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயே வரவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் என்னை மனுஷியாக மதித்திருக்க மாட்டார்கள். நானும் புடவையைச் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினேன்.

சுகந்தி தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினாள். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. சிதறிக் கிடந்த நெல்மேல் கால் வழுக்கி, வலது கால் மடங்கி விழுந்தாள். உடனே எழுந்து, "என்னைத் தூக்கிட்டுப் போகப் பாக்குது டீச்சர்!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கூடையை எடுத்தேன். மழை நாலு தூறல் போட்டுவிட்டுக் கிழக்கே போய்விட்டது.

ஆட்டம் தொடங்கியது. எவ்வளவு கூட்டினாலும் நெல் காய்ந்த தரையில் சுணை போகாது. மெல்லிய வெள்ளைத் தூளாகப் படிந்திருக்கும். தோலில் பட்டால் அரிக்கும், ஷூவில் பட்டால் வழுக்கும். மரத்தரையில் பழகிய தஞ்சாவூர்ப் பெண்கள் முதல் பாதி முழுக்கச் சறுக்கினார்கள். எங்கள் பிள்ளைகள் நிற்கிற நேரமெல்லாம் காலைத் துடைத்துத் துடைத்து ஆடினார்கள். தள்ளி நின்று வழி திறந்தார்கள். பாதி ஆட்டத்தில் நாங்கள் முன்னால் இருந்தோம். இளங்கோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேம்ல வந்த மாதிரியே வருது மேடம், அப்படியே வருது!"

மூன்றாவது கால்பகுதியில் நெருங்கி வந்தார்கள். இளங்கோ முணுமுணுக்க ஆரம்பித்தார். "சுகந்தி ஏன் உள்ளயே போக மாட்டேங்கிறா? வெளியில நின்னே போடறா. பிளான்ல இது இல்லையே." நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எல்லோரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஒரு அம்மா இருந்தார். அவர் அடிக்கடி சொல்வார்: "பந்தைப் பாக்க ஊரே வந்திருக்கு. நீயும் அதையே பாக்குறதுக்கு உனக்கெதுக்குச் சம்பளம்?" கடைசிக் கால்பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஊரே பந்தைப் பார்த்தது. நான் கால்களைப் பார்த்தேன். ஒவ்வொருத்தியும் வலது காலைத் துடைத்தாள், இடது காலைத் துடைத்தாள். சுகந்தி வலது காலைத் தூக்கித் துடைத்தாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். இடது ஷூவின் ஓரமெல்லாம் வெள்ளையாகச் சுணை அப்பியிருந்தது. இரண்டாவது த்ரோவுக்கும் அதே மாதிரிதான். வலது கால் மட்டும்.

இடது காலைத் துடைக்க வேண்டுமானால் வலது காலில் மட்டும் நிற்க வேண்டும். அவளால் அந்தக் காலில் நிற்க முடியவில்லை.

டைம்-அவுட் கேட்டேன். ஓடி வந்தார்கள். அவளைத் தனியாக இழுத்தேன்.

"கால் வலிக்குதாடி?"

"இல்ல டீச்சர்."

"பொய் சொல்லாத. வலது முட்டியா?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். நல்லா இருக்கேன்." கண்ணைப் பார்க்காமல் தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

இளங்கோ என் காதருகே வந்தார். "மேடம், அவளை எடுத்துடாதீங்க. கடைசிக் குவார்ட்டர்ல அவ இல்லாம எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு தடவைகூட நாம ஜெயிக்கல. வேகம் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. அவ லைஃப் மேடம் இது."

உண்மைதான். அவள் வாழ்க்கைதான். அதற்காகத்தான் யோசித்தேன். யோசிக்கக் கிடைத்தது ஒரு நிமிஷம். வெளியே எடுத்தால் ஆட்டம் போகும், தேர்வு போகும், கல்லூரி போகும். உள்ளே விட்டால் அந்த முட்டி, ஒரு தடவை குதித்து இறங்கும்போது அறுந்தால், ஆயுசுக்கும் போகும். நான் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டில் அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. மாடிப்படி ஏற இன்றைக்கும் கைப்பிடி தேடுகிறாள்.

ஸ்கோர் எழுதுகிற மேஜைக்குப் போய் மாற்று ஆட்டக்காரியின் பெயரைச் சொன்னேன்.

சுகந்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், டீச்சர், வேணாம் டீச்சர்! இன்னும் கொஞ்ச நேரம்தான் டீச்சர்!" வேலிக்கு வெளியிலிருந்து அவள் அம்மா, "என்னாச்சு? ஏன் எடுக்குறீங்க?" என்று கத்தினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். துண்டை முகத்தில் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு கடைசி விசில்வரை அதை எடுக்கவே இல்லை.

தோற்றோம். தேர்வாளர்களிடம் போய்ச் சொன்னேன், அடிபட்டிருக்கிறது, முதல் பாதியில் அவள் ஆடியதைக் கணக்கில் எடுங்கள் என்று. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "நல்லாத்தான் ஆடுது பொண்ணு. ஆனா முக்கியமான நேரத்துல நிக்கலையே மேடம்," என்றார் ஒருவர். பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஓய்வில் ஆறிவிடும், அறுவை வேண்டாம் என்றார். எப்போது அடிபட்டது என்று கேட்டார். "காலைல, நெல்லு வாரும்போது," என்றாள் சுகந்தி. நான் சிரித்துக்கொண்டே பார்த்தேனே, அந்த விழுகை. அதை மறைத்துக்கொண்டு மூன்று கால்பகுதி ஆடியிருக்கிறாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் ஆடியிருந்தா முழுசாப் போயிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். அதை எப்படிங்க சொல்றது?" என்றார். நான் வேறு பதிலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் இளங்கோ சோர்ந்துபோய் வந்தார். அந்தக் கடைசிக் கால்பகுதியை, சுகந்தியை உள்ளே விட்டு, திரும்ப ஆடிப் பார்த்திருக்கிறார். "ஜெயிச்சிட்டோம் மேடம்," என்றார். பாவம், வேண்டுமென்று குத்தவில்லை. அவருக்கும் ஆற்றாமை. "அதுல நெல்லு வாரினாளா தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

லெட்சுமிதான் என்னை ஆச்சரியப்படுத்தினாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். "நீங்க செஞ்சது சரிதான் டீச்சரம்மா," என்றாள். "கம்பெனில நாள் பூரா நின்னுதான் வேலை. காலு போயிருந்தா அங்கயும் சேத்துக்க மாட்டான்." டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஆண்டவரே, நான் எதற்காக அந்தக் காலைக் காப்பாற்றினேன், அது எதற்குப் பயன்படப் போகிறது! பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே சுகந்தி திருப்பூருக்கு பஸ் ஏறினாள். என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போட்டுக் காட்டுங்கள். தாராளமாகக் காட்டுங்கள். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை நம்மைவிட அது நன்றாகச் சொல்லித்தரும். பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் அதில் எது நிஜமில்லை என்று என்னைக் கேட்டால், நெல் இல்லை, தூசி இல்லை, பொய் சொல்லும் பிள்ளைகள் இல்லை என்று மூன்றையும் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லி, ஒற்றைக் காலைத் துடைத்ததை நான் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்துச் சொல்வேன். கை தட்டுவார்கள். நான்காவது ஒன்று இருக்கிறது. அதை இந்தப் பொங்கலுக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. போட்டால் போட்டதுதான். பஸ்ஸை விட்டு இறங்கி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றி, "டீச்சர்!" என்றாள். சுகந்தி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முன்னால் ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் நடையைத்தான் பார்த்தேன். நன்றாக நடந்தாள்.

திருப்பூரிலேயே கல்யாணம், இப்போது அங்கே ஒரு லைனுக்கு சூப்பர்வைசர், பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். எல்லாம் சொன்னாள். குழந்தை கன்னத்தைக் கிள்ளினேன். பேச்சு முடிந்துபோனது, கேட் திறக்கவில்லை. இருக்கப் பொறுக்காமல் நானே ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு உன்னை எடுத்ததுல என் மேல இன்னும் கோவமா?"

தண்டவாளத்தைப் பார்த்தாள். "எடுத்ததுக்குக் கோவம் இல்ல டீச்சர். கால் வலிக்குதான்னு கேட்டீங்க. என்ன பண்ணலாம்னு கேக்கலையே?"

எனக்குச் சுர்ரென்றது. "கேட்டா என்னடி சொல்லியிருப்ப? ஆடறேன்னுதானே சொல்லியிருப்ப?"

"ஆமா. ஆனா குதிக்காம ஆடறேன்னு சொல்லியிருப்பேன். செகண்ட் ஆஃப்ல நான் ஒரு தடவைகூட குதிக்கல டீச்சர். உள்ளயே போகல. வெளியில நின்னு, தரையிலேருந்தே போட்டேன். விழுந்துக்கிட்டுதானே இருந்துச்சு? இன்னும் ரெண்டு பாஸ்கெட் போட்டா செலக்‌ஷன் பண்ண வந்தவங்க என் பேரை எழுதிக்குவாங்க, அப்புறம் நானே கை தூக்கிட்டு வந்து உக்காந்துடலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். காலை எனக்கும் காப்பாத்திக்கணும்னுதானே இருந்துச்சு." குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "நீங்க அதைப் பாக்கலையா டீச்சர்?"

நின்ற இடத்திலேயே அந்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். இளங்கோ முணுமுணுத்தாரே, உள்ளே போக மாட்டேன் என்கிறாள் என்று. அவள் களத்தில் வலியோடு நின்று, தன் காலுக்கும் தன் வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். திரையில் இருக்கிற தாடிக்காரச் சுகந்திக்குச் சொந்த யோசனை கிடையாது, பட்டன் வைத்திருக்கிறவர்தான் அவனுக்காக யோசிக்க வேண்டும். இளங்கோவை நான் எத்தனை கிண்டல் செய்திருப்பேன்! இவளையும் நான் அப்படித்தான் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கி உட்கார வைத்தேன்.

"பாக்கலம்மா," என்றேன்.

"சரி, விடுங்க டீச்சர்," என்றாள் சுகந்தி. நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவள் குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது.